ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவமும் அதனை விரும்பும் நெஞ்சங்களும்

ஸ்ரீவைஷ்ணவ க்ரந்தங்களுள் பெரிதும் மதிக்கப்படுவது எது என்று வினவினால், நம்பிள்ளை அருளிச்செய்ய வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படி என்று சொல்லுவதில் எவர்க்கும் தயக்கமிராது. பெரிதும் விரும்பிப் படிக்கப்படுவது எது என்று வினவினாலோ விடை வேறாகிறது. நம்பிள்ளையின் சிஷ்யரான பின்பழகிய பெருமாள் ஜீயர் மணிப்ரவாள நடையில் அருளிச்செய்த ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவமே அது. காலக்ஷேபத்திற்கு அமர அவகாசமில்லாதாரும் இதனைக் கையிலெடுக்கின்றனர். ஒருமுறை படித்தவர் மறுமுறையும் படிக்கின்றனர். மதிப்பு ஒரு நூலிலும் விருப்பம் மற்றொரு நூலிலும் சென்று படிவானேன் என்பது ஆராயத்தக்கது.

‘படி’ என்பது 32 எழுத்துக்கள் கொண்ட க்ரந்த அளவு. திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு இட்டருளிய வ்யாக்யானத்திற்கும் ஆறாயிரப்படி என்றே திருநாமம். அளவால் ஒத்த இவ்விரண்டனுள் ஒன்று வித்வான்களின் ஓலைச்சுவடியோடு நின்றது. மற்றொன்று இல்லந்தோறும் புகுந்தது. எளிமையே இதற்குக் காரணம் என்பர் சிலர். ஆயினும் குருபரம்பரையின் மணிப்ரவாளம் பழக்கமில்லாதார்க்கு எளிதன்று. அதிசய நிகழ்ச்சிகளே காரணம் என்பர் வேறு சிலர். அதிசயங்கள் கருடவாஹன பண்டிதரின் திவ்யஸூரிசரிதத்திலும் நிரம்ப உள்ளன. காவ்ய அலங்காரமும் அங்கு மிகுதி. இருந்தும் அந்நூலை வித்வான்கள் போற்றுகின்றனரேயன்றி, இல்லத்தார் அதனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே காரணத்தை நூலினுள்ளேயே தேடவேண்டும்.

அதற்கு ஏற்ற இடம் பூவிருந்தவல்லி. திருக்கச்சி நம்பிகள் மாசி ம்ருகசீர்ஷத்தில் அவதரித்த ஊர் இது. இங்கிருந்து மேற்கே செல்லும் பெருவழியிலேயே திருமழிசைப்பிரான் தை மகத்தில் அவதரித்த திருமழிசையும், அதற்கப்பால் எம்பெருமானார் அவதரித்த ஸ்ரீபெரும்பூதூரும் அமைந்துள்ளன; மேலும் சென்றால் பேரருளாளன் எழுந்தருளியிருக்கும் கச்சி. அம்பத்தூரிலும் ஆவடியிலும் தொழிற்சாலைகள் எழுந்து, எங்கெங்கிருந்தோ வந்தவர் குடியேறிய பின்னும், இவ்வட்டாரத்து வாசகர்க்கு இந்நூல் தாம் நடக்கும் வழியையே காட்டுவது. எனினும் ஊர்ப்பற்று ஒரு நூலைக் கையிலெடுக்கச் செய்யுமேயன்றி, மீண்டும் மீண்டும் படிக்கச் செய்யாது. படிக்கச் செய்வது நம்பிகளைப் பற்றிய நிகழ்ச்சி.

நம்பிகள் வைச்ய குலத்தில் தோன்றியவர். ஆளவந்தார் திருவடிகளை ஆச்ரயித்தவர். பேரருளாளனுக்குத் திருவாலவட்டக் கைங்கர்யம் செய்து, அவனோடு வார்த்தையாடும் பேறு பெற்றவர். அந்நாளில் இளையாழ்வார் என வழங்கப்பட்ட ராமாநுஜர், அவரைத் தம் இல்லத்தில் அமுது செய்வித்து, அவர் அமுது செய்த சேஷத்தைத் தாம் ஸ்வீகரிக்க விரும்பினார். இளையாழ்வார் நம்பிகளை எதிர்கொண்டு அழைக்க ஒரு வழியே போக, நம்பிகள் வேறு வழியே இல்லத்திற்கு எழுந்தருளி, கைங்கர்யத்திற்கு வேளையாயிற்று என்று விரைந்து அமுது செய்து புறப்பட்டுவிட்டார். தஞ்சமாம்பாள் இலையை அப்புறப்படுத்தி, அவ்விடத்தை மெழுகி, நீராடி, கணவருக்கு வேறாகத் தளிகை செய்தாள். திரும்பி வந்த இளையாழ்வாருக்குச் சேஷம் இல்லை.

இந்நிகழ்ச்சியைப் படிப்பவர் பலரும் தஞ்சமாம்பாளைக் குறைகூறி மேலே செல்வர். நூலின் அமைப்பு அவ்வளவு எளிதாக விடைகொடுப்பதன்று. சேஷம் கிடையாமற் போனதற்கு இருவர் காரணர். நம்பிகள் இளையாழ்வாரின் கருத்தை அறிந்தே அவர் இல்லாத வேளையில் எழுந்தருளினார். அது நைச்யத்தால் வந்த மறுப்பு. தஞ்சமாம்பாள் பிறந்தகத்தில் பழகிய ஆசாரத்தை வழுவாது நடத்தினாள். அது ஆசாரத்தால் வந்த மறுப்பு. வெளியே நின்று காண்பார்க்கு இரண்டின் பலனும் ஒன்றே: பாகவத சேஷம் விரும்பினவர்க்குக் கிட்டவில்லை. ஒன்று மெச்சத்தக்கதாகவும் மற்றொன்று வெறுக்கத்தக்கதாகவும் தோன்றுவது ஏன் என்ற கேள்வியை நூல் எழுப்பிவிட்டு, விடையைச் சொல்லாமல் வாசகரிடமே விடுகிறது. விருப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஸித்தாந்த க்ரந்தங்களில் பாகவதர்களின் ஏற்றம் நிர்ணயிக்கப்பட்ட அர்த்தமாக வருகிறது. குருபரம்பரையில் அதே அர்த்தம் ஓர் இல்லத்தின் தளிகையறையில், ஓர் எச்சில் இலையின் முன்னே, இன்னும் நிர்ணயமாகாத நிலையில் நிற்கிறது.

பின் வருவதும் நோக்கத்தக்கது. அமுதின் வழியே கிட்டாதது வார்த்தையின் வழியே கிட்டுகிறது. இளையாழ்வாரின் ஐயங்களை நம்பிகள் பேரருளாளனிடம் விண்ணப்பிக்க, ஆறு வார்த்தைகள் அருளப்படுகின்றன. தானே பரதத்வம் என்பதும், ஜீவ பர பேதமும், ப்ரபத்தியே உபாயம் என்பதும், அந்திம ஸ்ம்ருதி வேண்டாமையும், சரீர முடிவில் மோக்ஷம் என்பதும், பெரிய நம்பியை ஆச்ரயிக்க என்பதும் அவற்றின் பொருள். தரிசனத்தின் அடிப்படைகள் எவருடைய இலையை எடுத்தெறிந்தனரோ அவருடைய திருவாக்கின் வழியே வெளிவந்தன. இவ்வளவு பெரிய பொருத்தத்தை நூலாசிரியர் தாமே எடுத்துக்காட்டி விளக்கியிருப்பின் அது உபதேசமாகியிருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக வைத்து அமைந்தமையால் வாசகர் தாமே கண்டதாக உணர்கின்றனர். தாமே கண்டதை எவரும் மறப்பதில்லை.

திருமழிசைப்பிரான் சரிதத்திலும் இதே கேள்வி வேறு வடிவில் எழுகிறது. பெரும்புலியூரில் வேதம் ஓதிக்கொண்டிருந்தோர் ஆழ்வாரைக் கண்டு அத்யயனத்தை நிறுத்தினர். அவர் கடந்த பின் தொடர முயன்று, விட்ட இடம் தோன்றாமல் திகைத்தனர். ஆழ்வார் வாய்திறவாமல் கருநெல் ஒன்றை உகிரால் கீண்டு அந்த வாக்யத்தை உணர்த்தினார். கேட்கத் தகாதவர் என்று கருதப்பட்டவரே மறந்ததை நினைப்பூட்டுகிறார். ஒரே பெருவழியில் அடுத்தடுத்துள்ள இரண்டு ஊர்களில் அவதரித்த இருவர் சரிதத்தும் ஒரே கேள்வி நிற்பது, இந்நூல் வெறும் கதைத் தொகுப்பு என்பாரை மறுக்கப் போதுமானது.

ஐதிஹ்யங்கள் ப்ரமாணமாகா என்னும் ஆக்ஷேபமும் ஆராயத்தக்கதே. ஆழ்வார்களின் காலத்தை த்வாபர, கலியுகக் கணக்கில் வைப்பதனால் இந்நூலைச் சரித்ர ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. கல்வெட்டோடு ஒப்பிடுங்கால் அவர் கூற்றில் ந்யாயமும் உண்டு. ஆனால் சம்ப்ரதாயத்தில் இந்நிகழ்ச்சிகள் காலக்கணக்குக்காகச் சொல்லப்பட்டவையல்ல, சிஷ்டாசாரமாகக் கொள்ளப்பட்டவை. மாறனேரி நம்பிக்குப் பெரிய நம்பி செய்த சரமகைங்கர்யத்தை எடுத்துக்கொள்ளலாம். மரியாதைக்கு ஒவ்வுமோ என்று எம்பெருமானார் வினவ, பெருமாள் ஜடாயுவுக்கும் தர்மபுத்ரர் விதுரருக்கும் செய்ததை அவர் விடையாகக் காட்டினார். அழகிய மணவாளப்பெருமாள் நாயனார் இச்செயலை ஆசார்யஹ்ருதயத்தில் ஓர் அர்த்தத்திற்குச் சான்றாகவே கோத்தருளினார். ஸூத்ர வடிவான அந்நூலில் ஒரு குறிப்பாக நிற்பது, குருபரம்பரையில் ஒரு மனிதரின் துணிவாக விரிகிறது. குறிப்பை மதிக்கிறோம்; துணிவை விரும்புகிறோம்.

நூலில் குறையில்லை என்பதன்று. தஞ்சமாம்பாளுக்கு அது கொடுத்த இடம் குறுகியது. பாகவத சேஷத்தின் பெருமையை அவளுக்கு எவரேனும் எடுத்துச்சொன்னதாகக் குறிப்பில்லை. இளையாழ்வார் ஸந்யாஸம் மேற்கொண்ட பின் அவள் கதி என்ன என்பதில் நூலுக்கு நாட்டமுமில்லை. பசித்து வந்த பாகவதரைப் போக்கியதும், பெரிய நம்பியின் தேவிகளோடு கிணற்றடியில் மாறுபட்டதும் சேர, மூன்று குற்றங்களின் சுமைதாங்கியாகவே அவள் நிற்கிறாள். இது வாசகர்க்கு ஒரு வசதியாகவும் முடிந்தது. குற்றம் முழுவதையும் அவள்மேல் ஏற்றிவிட்டால், தத்தம் இல்லத்து நடையை எவரும் சோதித்துப் பார்க்க வேண்டுவதில்லை.

இவ்வசதியே இந்நூலின்பால் உள்ள அன்புக்கு வந்துள்ள ஆபத்து. பூவிருந்தவல்லித் திருக்கோயிலில் நம்பிகளின் ஸந்நிதியில் ஸேவித்துத் தீர்த்தம் ப்ரஸாதித்துக்கொள்பவர் அனைவரும் இளையாழ்வாரின் ஆர்த்தியை நினைத்துக் கண்பனிக்கின்றனர். வீடு திரும்பி, அமுது செய்யும் பந்தியில் எவரை எங்கே அமர்த்துவது என்று தீர்மானிக்கும் வேளையில் அவர்களுள் எத்தனை பேர் இளையாழ்வாரின் பக்கம் நிற்கின்றனர், எத்தனை பேர் இலையை அப்புறப்படுத்தி மெழுகும் பக்கம் நிற்கின்றனர் என்பதே கேள்வி. கண்ணீரை வரவழைக்கும் நூல் என்று மட்டும் குருபரம்பரையைப் போற்றுவது அதனைக் குறைத்துப் போற்றுவதாகும். அது தன்னைப் படிப்பவரைத் தஞ்சமாம்பாளின் தளிகையறையில் கொண்டு நிறுத்துகிறது. அங்கே நம்பிகளின் இலை இன்னும் எடுக்கப்படாமலே கிடக்கிறது.