துயருக்கு எழுவாய் யார்?

பெருந்துயருக்கு மாந்தர் காட்டும் மெய்ப்பாடு பண்பாடுதோறும் வேறுபடும் என்பது பலரும் உடன்பட்ட கருத்தாகும். ஆயின், மேலைநாட்டார் உள்ளத்தால் துன்புறுவர், தமிழர் உடலால் துன்புறுவர் என்று அதனைச் சுருக்கிக் கூறுவது ஏற்கத்தக்கதன்று.

பூதிகோட்டையை அடுத்துள்ள கோலார் தங்கவயலைக் கருதலாம். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்தி, 2001இல் மூடப்பட்ட அச்சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியவை. உழைத்தவருள் பெரும்பகுதியினர் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற தமிழர். ஆங்கில அறிக்கைகள் பாறை வெடிப்பினை இடம், நேரம், பாறையின் இயல்பு எனப் பகுத்து எழுதின. இறந்தவர் வீட்டிற்குரிய மொழியோ ஒப்பாரி. அதில் இறந்தவரே முன்னிலை; அழுபவளின் வறுமையும் உறவினர்மீதான குறையும் அவ்விளியினூடே வெளிப்படும். ஒப்பாரி பாடுவோர் இறந்தவருக்காக அன்றித் தம் நிலைக்காகவே அழுகின்றனர் என்று இசபெல் கிளார்க்-தெசே 2005இல் வெளியிட்ட நூலில் காட்டினார். இஃது ஓரளவே பொருந்தும்: விளிக்கப்படுபவர் இன்றேல் அக்குறைகளைச் சொல்லவும் இடமில்லை.

1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்ற மனவடு நோய் பற்றிய வினாநிரல்கள் இதனை எவ்வாறு கேட்கும்? ‘நீங்கள் அஞ்சுகிறீர்களா?’ என்னும் வினாவில் உணர்பவரே எழுவாய். தமிழில் ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்பதே பெருவழக்கு. உணர்பவர் நான்காம் வேற்றுமை ஏற்கிறார். ‘நெஞ்சு பதறுகிறது’ என்பதில் உறுப்பே எழுவாய். பிள்ளையை இழந்த தாய் ‘பெற்ற வயிறு எரிகிறது’ என்றால், அதனை வயிற்றுநோய் எனக் குறிப்பவர் மருத்துவத்தில் அன்று, மொழிபெயர்ப்பிலேயே பிழைசெய்கிறார். ‘உடலால் துன்புறுவோர்’ என்னும் முடிபின் ஒரு பகுதியேனும் இவ்வாறு பிறந்ததாகலாம்.

இலக்கணமே உணர்ச்சியை வகுக்கிறது என்பதும் மிகையே. ‘அஞ்சினேன்’ என்பதும் நல்ல தமிழே. ஆங்கிலேயருக்கும் நெஞ்சு உடைவதுண்டு. இவ்வகையில் யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரத்தின் நெறி நுட்பமானது. 1998இல் வெளிவந்த அவரது நூல் ஈழப்போர் தமிழர்தம் உள்ளத்தில் விளைத்த ஊறுகளை ஆராய்ந்தது. நோய்க்குறியை அவர் புறந்தள்ளவில்லை. பின்னர்க் குடும்பமும் ஊரும் ஒருசேர அடையும் கூட்டு உளவடுவையும் வற்புறுத்தினார். எனினும் பாதிக்கப்பட்டவர் பேசிய தொடர்களின் அமைப்பு அவர் ஆய்வின் மையமன்று. தங்கவயல் ஒப்பாரிகளில் விளி எங்கு முடிகிறது, தன்மை எங்குத் தொடங்குகிறது என்பதை அறியப் பாட்டின் பொருளை மட்டும் குறித்தால் போதாது. அழுகையும் இடைநிறுத்தமும் உட்படப் பதிவு செய்தல் வேண்டும்.