ஒரே பிஸ்டன், நூறு மைல் வேகம்

1961 ஜூன். ஐல் ஆஃப் மேன் தீவில் சீனியர் டி.டி. மோட்டார் சைக்கிள் பந்தயம். மலைச்சாலையும் ஊர்த்தெருவும் கலந்த, 60 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சுற்று, அப்படி ஆறு சுற்று. முன்னால் போய்க்கொண்டிருந்தவர் எம்.வி. அகஸ்டாவில் வந்த கேரி ஹாக்கிங். இத்தாலிக்காரர்களின் நான்கு சிலிண்டர் வண்டி அது. அவரை விரட்டிய 21 வயது மைக் ஹெயில்வுட்டிடம் இருந்ததோ ஒற்றை சிலிண்டர் மேங்க்ஸ் நார்ட்டன். ஹாக்கிங்கின் வண்டி கோளாறாகி விலகியது. ஹெயில்வுட் ஜெயித்தார்.

எதிராளியின் வண்டி நின்றதால் வந்த வெற்றி என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. அவர்கள் அன்றைய சராசரி வேகத்தைப் பார்க்க வேண்டும்: மணிக்கு 100.6 மைல், அதாவது ஏறத்தாழ 162 கிலோமீட்டர். 360 கிலோமீட்டருக்கும் மேல் ஒரே பிஸ்டன் அந்த வேகத்தைத் தாங்கியிருக்கிறது. இரண்டாவதாக வந்த பாப் மெக்கின்டயரும் மேங்க்ஸ்தான் ஓட்டினார். அதே வாரம் ஜூனியர் பந்தயத்தை ஃபில் ரீட் வென்றதும் இதன் 350 சிசி தம்பியில். ஒரு வாரத்தில் இத்தனை முறை அதிர்ஷ்டம் அடிக்காது.

சுமார் 50 குதிரைத்திறன் கொண்ட வண்டியால் இது எப்படி முடிந்தது? பாதி விடை இன்ஜினில் இருக்கிறது. ஆரம்பத்தில் 500 சிசி மேங்க்ஸின் சிலிண்டர் விட்டம் 79.6 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 100 மி.மீ. பழைய புல்லட் 350 ஓட்டியவர்களுக்கு இந்த வாகு தெரியும். அதில் விட்டம் 70, ஏற்ற இறக்கம் 90. இழுவை பிரமாதமாக இருக்கும், ஆனால் சுற்றுவேகத்தை ஓர் அளவுக்கு மேல் கூட்ட முடியாது. 1954இல் நார்ட்டன் இதை 86க்கு 85.6 என்று மாற்றியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பழைய அளவில் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 20 மீட்டர். புதிய அளவில் அதே 20 மீட்டருக்கு 7,000 சுற்று கிடைக்கிறது. பிஸ்டனை மேலும் வருத்தாமல் ஆயிரம் சுற்று கூடுதல்!

மீதி விடை ஃபிரேம். என் பார்வையில் பெரிய பாதியும் அதுதான். பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேன்ட்லெஸ், இரட்டை வளையக் குழாய்களை வண்டியின் கழுத்தருகே குறுக்காகப் பின்னி, பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் கொடுத்து ஒரு ஃபிரேம் அமைத்தார். ஓட்டிப் பார்த்த ஹெரால்டு டேனியல் இறகு மெத்தையில் உட்கார்ந்ததுபோல இருக்கிறது என்றார். ‘ஃபெதர்பெட்’ என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. 1950இல் அது டி.டி.க்கு வந்த முதல் முறையே சீனியர், ஜூனியர் இரண்டிலும் முதல் மூன்று இடங்களும் நார்ட்டனுக்கு. சீனியரில் ஜெஃப் டியூக், ஜூனியரில் ஆர்ட்டி பெல். நேர்சாலையில் நான்கு சிலிண்டர்காரன் ஓடிவிடுவான். வளைவில் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்து, சீக்கிரமாக முறுக்கி எடுத்து, நார்ட்டன்காரன் அவனைப் பிடித்துவிடுவான். எடை குறைவு, உடம்பு ஒடுக்கம், வளைவில் நம்பிக்கை. ஐல் ஆஃப் மேன் போன்ற சாலைக்கு இவை குதிரைத்திறனுக்குச் சமம்.

மேங்க்ஸ் இன்ஜினுக்குக் கார் பந்தயத்திலும் கிராக்கி இருந்தது. 500 சிசி ஃபார்முலா 3 அணிகளுக்கு இது வேண்டியிருந்தது. நார்ட்டனோ இன்ஜினைத் தனியாக விற்கவில்லை. முழு பைக்கை வாங்கி, இன்ஜினைக் கழற்றிக் காரில் வைத்தார்கள். மிஞ்சிய ஃபெதர்பெட் ஃபிரேம்களில் டிரையம்ஃப் இன்ஜினைப் பூட்டியபோது ‘டிரைட்டன்’ என்ற புது வகையே பிறந்தது.

சேகரிப்பாளர்களின் தலைவலியும் இங்கேதான் தொடங்குகிறது. பிறந்த இன்ஜினும் பிறந்த ஃபிரேமும் பிரியாத மேங்க்ஸ் கிடைப்பது அரிது. உற்பத்தி 1960களின் தொடக்கத்தில் நின்றாலும் உதிரிபாகங்கள் நிற்கவில்லை. இன்று புத்தம்புதிதாக ஒரு முழு மேங்க்ஸையே செய்து வாங்கலாம். பழைய வண்டி என்று காட்டப்படுவதில் எத்தனை பங்கு பழையது என்பது இன்ஜின், ஃபிரேம் நம்பர்களை மட்டும் பார்த்தால் தெரியாது.

எண்கள் பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் பாதி விலை என்ற சந்தைக் கணக்கு எனக்கு உடன்பாடில்லை. வீட்டு வாசலில் நிறுத்தி வைத்த காருக்கு அது சரி. இது பந்தயக் குதிரை. சனிக்கிழமை வெடித்த கிராங்க்கை இரவோடு இரவாக மாற்றி அடுத்த பந்தயத்துக்குப் போன வண்டி. மாற்றிய ஒவ்வொரு பாகமும் அதன் வரலாற்றின் ஒரு பக்கம். எந்த வீரர் ஓட்டினார், ஃப்ரான்சிஸ் பியர்ட், ஸ்டீவ் லான்ஸ்ஃபீல்டு போன்ற ட்யூனர்களில் எவர் கை பட்டது, எந்த ஆண்டு எந்தப் பந்தயம் என்ற தாள்கள்தான் எனக்கு முக்கியம்.

பெயின்ட் மினுங்கக் கண்ணாடி அறையில் நிற்கும் மேங்க்ஸைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. இதற்குக் கிக்கர் கிடையாது. தள்ளிக்கொண்டே ஓடி, தாவி உட்கார்ந்துதான் கிளப்ப வேண்டும். நம் வீட்டு விளக்கெண்ணெயின் வகையறாதான் இதன் பந்தய ஆயில். அது எரியும் வாசனை வந்தால்தான் மேங்க்ஸ் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

1969 செப்டம்பரில் யூகோஸ்லாவியாவின் ஒபாட்டியாவில் காட்ஃப்ரே நாஷ் ஒரு மேங்க்ஸில் 500 சிசி கிராண்ட் ப்ரீ வென்றார். எம்.வி. அணி வராத பந்தயம்தான். ஆனாலும் உற்பத்தி நின்று ஆண்டுகள் கழித்துக் கிடைத்த வெற்றி அது. அதற்குப் பிறகு 500 சிசி கிராண்ட் ப்ரீ எதையும் ஒற்றை சிலிண்டர் வண்டி வென்றதில்லை.