வண்டலும் கசடும்

லீஸ் என்றொரு பழைய ஆங்கிலச் சொல். திராட்சை ரசம் புளித்து அடங்கியபின் பீப்பாயின் அடியில் தங்குவது. அண்மையில் படித்த ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் அதைக் 'கசடு' என்று போட்டிருந்தார்கள். பிழை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் எனக்கு அந்த வரி இடறியது.

கசடு என்றால் குற்றம், அழுக்கு. கல்வி அதிகாரத்தின் முதல் குறளில் அது நீங்கவேண்டியதாகத்தான் வருகிறது. லீஸ் அப்படியல்ல. சில ரசங்களை ருசி ஏறட்டும் என்றே அதன்மேல் விட்டுவைப்பார்கள்.

எரேமியா 48ஆம் அதிகாரம் மோவாபைப் பாத்திரம் மாற்றி ஊற்றப்படாத ரசத்துக்கு ஒப்பிடுகிறது. 1611இன் கிங் ஜேம்ஸ் பைபிளில் அங்கே லீஸ். தமிழ் வேதாகமத்தில் 'வண்டல்'. அசையாமல் கிடந்ததற்காக மோவாபுக்குக் கண்டனம் உண்டு, ஆனால் ருசி கெட்டதாகச் சொல்லவில்லை. இந்த இரண்டையும் வண்டல் தாங்கும், கசடு தாங்காது. அதே மொழிபெயர்ப்பு 75ஆம் சங்கீதத்தில் துன்மார்க்கர் உறிஞ்சும் அடிமண்டிக்கும் வண்டலையே போடுகிறது. அங்கே எனக்கு உடன்பாடில்லை. மண்டி போதும்.

ஏனென்றால் வண்டல் நம்மிடம் நல்ல சொல். சங்கப் பாடல்களில் அது பெண்பிள்ளைகளின் மணல் விளையாட்டுக்கும் பெயர். அவர்கள் செய்த வண்டற்பாவையை அலை கொண்டுபோகும். தண்ணீர் கொண்டுவந்து விட்டுப்போவதும் வண்டல், தண்ணீர் கரைத்துப்போவதும் வண்டல்!

நான் இருப்பது குன்றத்தூரில், சேக்கிழார் பிறந்த ஊர். பக்கத்தில் 24 அடி ஆழம் நீர் நிற்கும் செம்பரம்பாக்கம் ஏரி. நாவல் வரி மண்டையைக் குடைந்துகொண்டிருக்க, தெருமுனை டீக்கடையில் ஒரு பெரியவரிடம் கேட்டேன், "வண்டல்னா என்னங்கய்யா?"

"ஏரி குடுக்குற எரு, தம்பி. கோடையில வண்டி கட்டி அள்ளியாந்து வயல்ல கொட்டுவோம். அந்த வருசம் நெல்லு நிறமே வேற."

"கள்ளுப்பானை அடியில நிக்கிறது?"

"அது மண்டி." கொஞ்சம் சிரித்தார்.

கசடு என்ற சொல்லை அவர் எடுக்கவேயில்லை. எண்ணெய்ச் சட்டிக்கும் காபித் தூளுக்கும்கூட மண்டிதான். ஆங்கிலத்தில் லீஸ், டிரெக்ஸ், சில்ட் என்று பிரிப்பதை அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பிரித்துவிட்டார்.

அகராதியைப் புரட்டும் மொழிபெயர்ப்பாளர் மேல் எனக்குக் கோபமில்லை. வயல் இருந்தால்தானே வண்டலுக்கு எரு என்று பொருள் இருக்கும்? ஒரகடம் பக்கம் வயல் இருந்த இடங்களில் இப்போது கம்பெனிச் சுவர்கள். லாரியில் போகும் மண்ணைக் காட்டி, அது வண்டலா என்றேன்.

"சவுடுன்றானுங்க. லோடு கணக்கு. பள்ளம் ரொப்பத்தான் போவுது."