எச்.பி.யும் லிட்டரும்

2022 ஆகஸ்ட் 21 நள்ளிரவில் இலங்கையில் ஒரு லிட்டர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. ஒரு நாள் மீன்பிடித் தொழிலுக்கு 25 லிட்டர் ஊற்றிக்கொண்டு இறங்கும் படகு என்றால், முதல் நாள் வரை 2,175 ரூபாயில் முடிந்த செலவு மறுநாள் 8,500 ரூபாய். கடலும் வலையும் எஞ்சினும் அப்படியே இருந்தன. அதுவரை “எத்தனை எச்.பி.?” என்று கேட்டே எஞ்சின் வாங்கிப் பழகிய யாழ்ப்பாண, மன்னார்க் கரைகளில் “மணிக்கு எத்தனை லிட்டர்?” என்ற கேள்வி அன்றிலிருந்துதான் உரக்கக் கேட்கத் தொடங்கியது.

பாக்கு நீரிணைக்கு மறுபக்கம், தமிழகத்திலும் கேரளத்திலும், அதே கேள்வி மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. ஒரே கடலைப் பங்கிட்டுக்கொள்ளும் இரு நாடுகளும் சிறு படகுக்கான எஞ்சினைத் தேர்ந்த விதம் வேறு. எந்தப் படகுக்கு எவ்வளவு வலு வேண்டும் என்பதை இரண்டு இடத்திலும் படகின் உடல் முடிவுசெய்யவில்லை. எரிபொருளுக்கு அரசு வைத்த விலையும், பக்கத்துப் படகுக்காரரின் வேகமும்தான் பெரும்பாலும் முடிவுசெய்தன.

இலங்கையின் கரையோரத் தொழில் பெரும்பாலும் 18 முதல் 23 அடி வரையான கண்ணாடியிழைப் படகுகளில் நடக்கிறது. அரசு ஏடுகளில் அது ‘வெளியிணைப்பு இயந்திரப் படகு’. கரையில் வெறும் போட். நாடு முழுவதும் இருபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பின்பலகையில் மாட்டியிருப்பது பெரும்பாலும் ஜப்பானின் யமஹா அல்லது சுசுகி. 8, 15, 25 எச்.பி. என்று ஏறி, சில இடங்களில் 40 வரை போகும். தீவில் படகு எஞ்சின் செய்யும் தொழிற்சாலை இல்லை. வருவதெல்லாம் இறக்குமதிதான். உதிரிப்பாகமும் பழுதுபார்ப்பவரும் எந்த எஞ்சினுக்குக் கிடைக்கிறார்களோ, அந்த எஞ்சினே ஊரின் எஞ்சினாகிவிடுகிறது.

தமிழகத்தில் ஒரே கரை என்று பேச முடியாது. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரையான சோழமண்டலக் கரையில், குறிப்பாக 2004 சுனாமிக்குப் பிறகு பெருகிய பைபர் படகுகளில், நீள்வால் டீசல் எஞ்சின்கள் பரவின. கிரீவ்ஸ் நிறுவனம் இந்தியாவிலேயே செய்யும், காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் லொம்பார்டினி எஞ்சின் அது. வலு ஏறக்குறைய 10 எச்.பி. எஞ்சினிலிருந்து நேராக ஒரு நீண்ட தண்டு, அதன் நுனியில் காற்றாடி. படகைத் திருப்ப வேண்டுமானால் எஞ்சினையே திருப்ப வேண்டும். பின்னோக்கிப் போகாது. சத்தமும் அதிர்வும் அதிகம். நாள் முழுதும் அதைப் பிடித்திருப்பவரின் காதும் கையும் அதற்கு விலை கொடுக்கின்றன. ஆனால் கரை நெருங்கும்போது தண்டைத் தூக்கிவிட்டு அலையோடு மணலில் ஏறிவிடலாம். வயல் பம்புசெட்டைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்கே இதையும் பிரிப்பார்.

கன்னியாகுமரியைத் தாண்டினால் காட்சி மாறுகிறது. குளச்சல், முட்டம் தொடங்கித் திருவனந்தபுரம், கொல்லம் வரை அலை கரையிலேயே உடையும். பருவமழைக் காலத்தில் அந்த உடைப்பைத் தாண்டிப் போக, ஒரு சில விநாடிக்குள் முழு வலுவும் வேண்டும். பாதி வழியில் திணறும் எஞ்சின் படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். மண்ணெண்ணெயில் ஓடும் 9.9, 25, 40 எச்.பி. எஞ்சின்கள் அங்கே நிலைத்ததற்கு இது நியாயமான காரணம். பாக்கு விரிகுடா அப்படியல்ல. பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழம்கூட இல்லாத கடல் அது. அங்கே அலையை உடைத்துக்கொண்டு வெளியேற 40 எச்.பி. தேவைப்படாது.

இந்த எஞ்சின்கள் எரிபொருளை என்ன செய்கின்றன என்று பார்த்தால்தான் விலையின் கனம் புரியும். மண்ணெண்ணெய் எஞ்சின் பெட்ரோலில்தான் கிளம்பும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு வந்து கார்புரேட்டரைக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெயின் ஆக்டேன் குறைவு என்பதால் எஞ்சினின் அமுக்க விகிதத்தையும் குறைத்தே செய்கிறார்கள். அதனால் அதே எண்ணெயிலிருந்து கிடைக்கும் வலுவும் குறைகிறது. இதில் டூ ஸ்ட்ரோக்கின் பழைய குறையும் சேர்கிறது. புதிய கலவை உள்ளே வரும்போதே வெளியேறும் வழியும் திறந்திருப்பதால், ஊற்றியதில் ஒரு கணிசமான பங்கு, சில நிலைகளில் கால்வாசி வரை, எரியாமலே வெளியே போய்விடும். அது தண்ணீரில்தான் கலக்கிறது. கடற்புல்லும் இறால் குஞ்சும் நிறைந்த ஆழமற்ற கடலில் அது பணச் செலவோடு முடிகிற இழப்பல்ல.

தோராயக் கணக்கு இது: முழு வேகத்தில் ஓடும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஒரு எச்.பி.க்கு மணிக்கு அரை லிட்டர், மண்ணெண்ணெய் என்றால் அதற்கும் சற்று மேல். டீசலுக்கு அதில் பாதி. ஆகவே 25 எச்.பி. மண்ணெண்ணெய் எஞ்சின் கைப்பிடியை முழுதாகத் திருகினால் மணிக்கு 12 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், 40 எச்.பி. 20 லிட்டர், நாகப்பட்டினத்து 10 எச்.பி. நீள்வால் எஞ்சின் இரண்டரை லிட்டர்.

அப்படியானால் 25 எச்.பி. பூட்டிய யாழ்ப்பாணத்துப் படகு ஐந்து மடங்கு வேகமாகப் போகிறதா?

இல்லை. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு அதன் நீளமே ஒரு வேக எல்லை வைக்கிறது. நீர்மட்டத்தில் 20 அடி நீளமுள்ள படகுக்கு அந்த எல்லை மணிக்கு 6 கடல் மைல். அதுவரை கொஞ்சம் வலுவே போதும். அதற்கு மேல் போனால் படகு தான் எழுப்பிய அலை மீதே ஏற முயல்கிறது. வலு பல மடங்கு செலவாகும், வேகம் சிறிதே கூடும். சுமையில்லாத கண்ணாடியிழைப் படகு 25 எச்.பி.யில் அந்த மேட்டைக் கடந்து நீர்மேல் சறுக்கத் தொடங்கிவிடும். அப்போது செலவு ஓரளவு ஈடுகட்டும். வலையும் பனிக்கட்டியும் மீனும் மூன்று நான்கு ஆட்களும் ஏறியதும் அதே படகு அந்த மேட்டில் மூக்கைத் தூக்கியபடி நின்றுவிடும். அதிக எண்ணெயும் குறைந்த பலனும் சேரும் இடம் அதுதான். கைப்பிடி முழுதாகத் திருகியிருக்க, சுமையோடு மணிக்கு 9 கடல் மைல் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கடல் மைலுக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர் ஆகிறது. நீள்வால் படகு ஆறரை கடல் மைல் வேகத்தில் 0.4 லிட்டருக்குள் அதே தூரத்தைக் கடந்துவிடும். பத்து கடல் மைல் தள்ளிய இடத்துக்குப் போக அதற்கு இருபத்தைந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பெரிய எஞ்சின் வைத்திருப்பது மட்டுமே குற்றம் என்று சொல்வதும் சரியல்ல. போர் ஸ்ட்ரோக் எஞ்சினில் செலவு, எடுக்கும் வலுவைப் பொறுத்தே ஏறும். 40 எச்.பி. போர் ஸ்ட்ரோக்கை அடக்கி ஓட்டுபவர், 15 எச்.பி. டூ ஸ்ட்ரோக்கை முழு மூச்சில் ஓட்டுபவரைவிடக் குறைவாகச் செலவழிக்கக்கூடும்; புயலுக்கு முன் கரை சேர வேண்டிய நாளில் கையிருப்பு வலுவும் அவரிடம் இருக்கும். ஆனால் போர் ஸ்ட்ரோக் பெட்ரோலில் ஓடுவது, வாங்கும் விலையும் அதிகம். மண்ணெண்ணெய் மலிவாகக் கிடைத்த காலத்தில் அதை வாங்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

இந்த அறிவு புதிதுமல்ல. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியபோது, நார்வேயைச் சேர்ந்த படகு வடிவமைப்பாளர் குல்பிரான்ட்சன், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986இலேயே எழுதினார். இப்படிப்பட்ட கையேடுகளின் முதல் அறிவுரை எளிமையானது: கைப்பிடியைச் சற்றுக் குறையுங்கள். வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால், அதே தூரத்துக்கான எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும். மணலில் ஏற்றக்கூடிய டீசல் படகுகளையும் அந்தத் திட்டம் செய்து பார்த்தது. முட்டத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே, கட்டுமரத்தின் வழியில் பிளைவுட் படகுகளை உருவாக்கிய கதையும் அதே 1980களைச் சேர்ந்தது.

அறிவுரையைக் கேட்டும் கரை ஏன் கேட்டபடி நடக்கவில்லை? கேரளத்தின் வளைய வலைப் படகுகள் பதில் சொல்லும். மத்தியும் அயிலையும் கூட்டமாக வரும் மீன்கள். கூட்டத்தை முதலில் சுற்றி வளைத்தவருக்கே மீன். ஒருவர் 25 எச்.பி. போட்டால் அடுத்தவர் 40 போடுவார். பிறகு ஒரே வள்ளத்தில் இரண்டு, மூன்று 40 எச்.பி. எஞ்சின்கள் வரிசையாக நின்றன. எல்லோரும் வேகமான பின் யாருக்கும் முந்துதல் இல்லை. கடலில் மீனும் கூடவில்லை. எல்லோருடைய எண்ணெய்ச் செலவும் கூடியது. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதானதும் பெரிய வளைய வலைப் படகுகள் பல, உள்ளே பொருத்தும் டீசல் எஞ்சினுக்கு மாறின. தனி ஒருவர் தன் கைப்பிடியைக் குறைத்துவிட்டு இந்தப் பந்தயத்திலிருந்து விலக முடியாது. கூட்டாகவோ சட்டத்தாலோ ஓர் உச்சவரம்பு வைத்தால்தான் முடியும். தமிழக அரசு 2020ஆம் ஆண்டு விதிகளில் விசைப்படகுகளுக்கு 240 எச்.பி. எல்லை வகுத்தது அந்த வழியில்தான்.

வட இலங்கையில் உச்சவரம்பு வேறு காரணத்துக்காக வந்தது. போர்க்காலத்தில் கடற்புலிகளின் படகுகள் 200, 250 எச்.பி. வெளியிணைப்பு எஞ்சின்களில் பாய்ந்தன. மீனவருக்கோ வலுக்கூடிய எஞ்சின் தடை, மண்ணெண்ணெய்க் கட்டுப்பாடு, போகும் தூரத்துக்கும் நேரத்துக்கும் அளவு. ஒரு தலைமுறை, சிறிய எஞ்சினைச் சிக்கனமாக அல்ல, கட்டாயமாக ஓட்டியது. 2009க்குப் பிறகு தடைகள் விலகியபோது பெரிய எஞ்சின் வாங்கியவர்களின் ஆசையை இந்தப் பின்னணி இல்லாமல் மதிப்பிடுவது அநியாயம். தமிழகத்து இழுவைப் படகுகள் எல்லை தாண்டி வரும் இரவுகளில் வலை அறுந்துபோகும் என்று பலர் கடலுக்கே இறங்குவதில்லை. வாரத்தில் தொழில் நாட்கள் குறையக் குறைய, எஞ்சின் கடனை அடைக்க எஞ்சிய நாட்களிலேயே அதிக தூரம் ஓடவேண்டியிருக்கிறது. அவர்களின் எண்ணெய்க் கணக்கில் அக்கரைக்கும் பொறுப்பு உண்டு.

அக்கரையிலிருந்து உதவியும் வந்தது. நெருக்கடி முற்றிய 2022 மே மாதத்தில், நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவு மீனவர்கள் சுமார் 700 பேருக்கு இந்தியா 15,000 லிட்டர் மண்ணெண்ணெயை அன்பளிப்பாகக் கொடுத்தது. ஆளுக்கு 21 லிட்டர் சொச்சம், 25 எச்.பி. எஞ்சினுக்கு இரண்டு மணி நேர ஓட்டத்துக்கும் குறைவு. அன்று அதுவும் பெரிதாகத்தான் இருந்தது.

மானியத்தின் கணக்கு இங்கேதான் சிக்கலாகிறது. தமிழகத்தில் நாட்டுப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,400 லிட்டர் மண்ணெண்ணெய், லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைத்தது. 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் முதல்வர் ஸ்டாலின் அதை 3,700 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். 3,400 லிட்டரில் 9.9 எச்.பி. எஞ்சின் முழு வேகத்தில் ஏறக்குறைய 680 மணி நேரம் ஓடும், 25 எச்.பி. எஞ்சின் 272 மணி நேரம்தான். மீதி நாட்களுக்கு வெளிச்சந்தை விலை. கேரளத்தில் மாநில அரசு லிட்டருக்கு 25 ரூபாய் மானியம் கொடுத்தும், வெளிவிலை 2022இல் 100 ரூபாயைத் தாண்டியபோது அது போதவில்லை. மத்திய அரசு பொது விநியோக மண்ணெண்ணெயைக் குறைத்துக்கொண்டே வருகிறது. இலங்கையில் 340இலிருந்து விலை பின்னர் இறங்கினாலும் 87க்குத் திரும்பவில்லை. 2024 அக்டோபரில் புதிய அரசு மீனவருக்கு எரிபொருள் மானியத்தை மீண்டும் கொண்டுவந்தது.

லிட்டருக்கு மானியம் கொடுப்பது பசித்த வீட்டுக்கு உடனடி உதவி. அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வரக்கூடாது. ஆனால் அதிகம் எரிப்பவருக்கு அதிகம் போய்ச்சேரும் உதவி அது. 25 லிட்டர் எரிப்பவர் பத்து லிட்டருக்கு மாறத் தேவையான முதலீட்டுக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. அதே மண்டபம் மாநாட்டில் 1,000 நாட்டுப்படகுகளுக்கு 40 சதவீத மானியத்தில் எஞ்சின் வழங்கும் அறிவிப்பும் வந்தது. கவனம் திரும்ப வேண்டிய திசை அது. எந்த எஞ்சின், எந்தப் படகுக்கு என்ற கேள்வியையும் அந்த மானியத்தோடு கட்டினால் பணம் இரட்டிப்பாக உழைக்கும்: பாக்கு விரிகுடாவின் 20 அடிப் படகுக்கு ஒரு வரம்பு, குமரியின் உடைகரைப் படகுக்கு அதைவிட உயர்ந்த வேறொரு வரம்பு.

எண்ணெய்ச் செலவைக் குறைக்கப் புது எஞ்சின் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் ஒன்று உண்டு. வெளியிணைப்பு எஞ்சின்களோடு பெட்டியில் வரும் காற்றாடி பெரும்பாலும் சுமையற்ற, வேகமான படகுக்கு ஏற்றது. வலையும் மீனும் ஏற்றிய படகில் அது எஞ்சினை அதன் உரிய சுழற்சிக்கு வரவிடாமல் அழுத்திப் பிடிக்கிறது; முழுதாகத் திருகிய கைப்பிடியில் எண்ணெய் போகிறது, வலு வருவதில்லை. பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த, சுமைக்கு உரிய காற்றாடியின் விலை எஞ்சின் விலையில் மிகச் சிறு பங்கு. யாழ்ப்பாணத்துக் குருநகரிலும் மன்னாரிலும் குளச்சலிலும் ஒரு சுழற்சிமானியோடு பத்துப் படகுகளைச் சுமையோடு ஓட்டிப் பார்த்து, எந்தப் படகுக்கு எந்தக் காற்றாடி என்று எழுதி ஒட்ட, இரு நாட்டு மீன்வளத் துறைகளுக்கும் ஒரு மாதம் போதும்.