நோவா ஸ்கோசியச் சட்டசபையும் அதன் நினைவு முத்திரையும்: ஒரு விமர்சனக் குறிப்பு

தபால் முத்திரை பற்றி எழுதப்பட்டனவற்றுட் பெரும்பாலானவை சேகரிப்போருக்கு உரியவை. தாளின் தரம், நிறவேறுபாடு, துளைகளின் எண்ணிக்கை, சந்தைப் பெறுமதி என்பவற்றோடு அவை நின்றுவிடுகின்றன. ஆயின் முத்திரையும் ஒரு பிரதியே. அரசு தன்னைப் பற்றித் தானே எழுதி, பெருந்தொகையாக அச்சிட்டு, கடிதம் எழுதும் ஒவ்வொருவருக்கும் விலைக்கு விற்கும் பிரதி அது. இலக்கியத்திடம் நாம் கேட்கும் வினாக்களை இதனிடமும் கேட்கலாம். பேசுவது யார்? பேச்சில் விடுபட்டோர் யாவர்?

1958 ஆம் ஆண்டிற் கனடியத் தபாற்பகுதி 5 சத முத்திரையொன்றை வெளியிட்டது. நோவா ஸ்கோசியாவின் ஹலிபக்ஸ் நகரில் 1758 ஒக்டோபர் 2 ஆம் திகதி கூடிய சட்டசபையின் இருநூறாம் ஆண்டு நினைவாக அது வெளிவந்தது. இன்றைய கனடாவின் எல்லைக்குள் தேர்தல்வழி அமைந்த முதற் சபை அதுவே. முத்திரையின் பொருளாய் அமைந்தவை சபாநாயகரின் ஆசனமும் செங்கோலுமாகும். தெரிவுசெய்யப்பட்ட சபையைப் போற்றும் அவ்வோவியத்தில் தெரிவுசெய்தோருக்கு இடமில்லை.

இதனை ஓவியரின் விருப்பு என்று கூறி அமைந்துவிட முடியாது. அச்சபையைக் கூட்டிய ஆளுநர் சாள்ஸ் லோறன்ஸ், அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1755 இல், பிரெஞ்சு மொழி பேசிய அகாடிய விவசாயிகளை நாடுகடத்தத் தொடங்கியவர். 1763 வரையில் ஏறத்தாழ 10,000 பேர் தம் மண்ணினின்றும் அகற்றப்பட்டனர். சபையைக் கூட்ட லோறன்ஸ் மனமொப்பியவரல்லர். இலண்டனிலிருந்த வர்த்தகச் சபையின் வற்புறுத்தலும் ஹலிபக்ஸ் வணிகரின் கோரிக்கையும் அவரைப் பணியச் செய்தன. வெறுமையாக்கப்பட்ட வளமான காணிகளுக்கு நியூ இங்கிலாந்திலிருந்து குடியேற்றக்காரரை அழைக்கவேண்டியிருந்தது. சபையின்றி வாழ்ந்து பழகாதவர்கள் அவர்கள். எனவே பிரதிநிதித்துவம் இங்கு காணிக் குடியேற்றத்தின் முன்நிபந்தனையாகவும் வந்தது. அச்சபை தனது ஆரம்ப ஆண்டுகளிலேயே, அகாடியரின் காணிகளைப் பெற்ற புரட்டஸ்தாந்தரின் உடைமையை உறுதிசெய்யும் சட்டத்தை இயற்றியமை தற்செயலன்று. கத்தோலிக்கருக்கு வாக்குரிமை 1789 வரை இல்லை. அம்மண்ணின் ஆதிக்குடிகளான மிக்மாக் மக்களோ பிரித்தானியருடன் போரில் இருந்தனர்.

சபையின் தபால் வரலாறு இதனினும் சுவையானது. பிரித்தானியத் தபாற்பகுதியின் கையிலிருந்த தபாற்சேவை 1851 இல் மாகாணத்தின் பொறுப்புக்கு வந்தது. பொறுப்பாட்சி முறை அங்கு நிலைபெற்று அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அவ்வாண்டு செப்டெம்பரில் வெளிவந்த சாய்சதுர முத்திரைகளின் நடுவே முடி. சூழப் பிரித்தானிய நாடுகளின் பூக்களோடு நோவா ஸ்கோசியாவின் மேபிளவர் பூ. சுயாட்சி பெற்றோரின் தன்னுணர்வும் அதன் எல்லையும் அச்சிறு தாளில் ஒருங்கே தெரிகின்றன. உள்ளூர் முதலாளி வர்க்கம் தன் பூவையும் அங்கு சேர்த்துக்கொண்டது. ஆனால் முடியை நடுவிலிருந்து அகற்ற அது நினைக்கவில்லை. அதே 1851 இலேதான் பெண்கள் வாக்களிப்பதை வெளிப்படையாகத் தடைசெய்யும் சட்டத்தையும் அச்சபை நிறைவேற்றியது. 1860 இன் சத முத்திரைகளில் விக்டோரியா இராணியின் முகம் இடம்பெற்றது. அம்முகத்தை ஒட்டிக் கடிதம் அனுப்பிய பெண்களின் வழிவந்தோர் வாக்களிக்க 1918 வரை காத்திருந்தனர்.

மக்கள் முத்திரையைக் கையாண்ட விதமும் கருதத்தக்கது. ஏழரைப் பென்ஸ் கட்டணத்துக்கு ஏற்ற முத்திரை இல்லாதபோது, மூன்று பென்ஸ் முத்திரையைக் குறுக்கே வெட்டி, அதன் பாதியை ஆறு பென்ஸ் முத்திரையோடு சேர்த்து ஒட்டினர். முடியும் இரண்டாகியது! சேகரிப்போர் இன்று அவ்வெட்டுத் துண்டுகளுக்குப் பெருவிலை கொடுக்கின்றனர். அவற்றைத் தோற்றுவித்த தேவையைப் பற்றி அவர்தம் நூல்கள் ஓரிரு வரிகளுக்கு மேற் பேசுவதில்லை.

1867 இல் மாகாணம் கனடியக் கூட்டாட்சியுட் சேர்ந்தபோது தபால் அதிகாரம் ஒட்டாவாவுக்குச் சென்றது. அவ்வாண்டுத் தேர்தலில் நோவா ஸ்கோசியாவின் 19 கூட்டாட்சி ஆசனங்களில் 18 ஐக் கூட்டாட்சியை எதிர்த்தோரே வென்றனர், பயன் விளையவில்லை. ஆகவே 1958 இன் முத்திரை, தனக்கென முத்திரை வெளியிடும் உரிமையை இழந்துவிட்ட சபைக்கு, அவ்வுரிமையைப் பெற்றுக்கொண்ட மத்திய அரசு செலுத்திய மரியாதை. மாகாணத்தின் எதிர்ப்பு நினைவுக்கு வராதிருக்க, ஆளற்ற ஆசனத்தைக் காட்டிலும் பொருத்தமான சின்னம் வேறு கிடைத்திராது. (இலங்கை வாசகர் தம் நாட்டின் 1947 ஆம் ஆண்டு அரசியலமைப்பு முத்திரைகளுள் 6 சத முத்திரையை எடுத்துப் பார்க்கலாம். அதிற் பாராளுமன்றக் கட்டடம் உள்ளது. மறு ஆண்டு அப்பாராளுமன்றமே மலையகத் தொழிலாளரிற் பெரும்பாலானோரைக் குடியுரிமை அற்றவராக்கியது.)

5 சதம் அன்று கனடாவின் உள்நாட்டுக் கடிதக் கட்டணம். ஆகவே அம்முத்திரை மிக்மாக் மக்களின் ஒதுக்குநிலக் குடியிருப்புகளிலிருந்து சென்ற கடிதங்களிலும் ஒட்டப்பட்டிருக்கும். அங்கு வாழ்ந்த பதிவுபெற்ற ஆதிக்குடிகள், தம் உரிமைகளைத் துறக்காமற் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் தகுதியை 1960 இலேயே பெற்றனர். முத்திரை வெளிவந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.