ஒரே கேசட்டில் இரண்டு ஸ்பிரிங்ஸ்டீன்

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்றதும் பலருக்கு நினைவு வருவது நிரம்பி வழியும் விளையாட்டரங்கமும் மூன்று மணி நேரக் கச்சேரியும்தான். எனக்கு நினைவு வருவது அவர் எந்தக் கூட்டத்துக்கும் பாடாத ஒரு நாள்.

1982 ஜனவரி 3. நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக்கில் ஒரு வாடகை வீடு. படுக்கையறையில் டியாக் நாலு டிராக் கேசட் ரெக்கார்டர், இரண்டு மைக், கிதார், ஹார்மோனிகா. புதுப் பாட்டுகளைத் தன் குழுவான ஈ ஸ்ட்ரீட் பேண்டுக்குக் காட்ட ஒரு மாதிரிப் பதிவு வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு ஸ்டுடியோவில் முழுக் குழுவோடு வாசித்துப் பார்த்தபோது பல பாட்டுகள் செத்துப்போயின. கடைசியில் அந்தக் கேசட்டே ‘நெப்ராஸ்கா’ ஆல்பமாக வெளிவந்தது.

அதில் 1950களின் கொலைகாரன் ஒருவன் தன் கதையைத் தானே சொல்கிறான். தம்பியைப் பிடிக்க வேண்டிய போலீஸ்காரன் தன் வண்டியை ஓரங்கட்டி, அவனை எல்லை தாண்ட விடுகிறான். மாவாவில் கார் ஆலை மூடியதால் வேலை போனவன் குடித்துவிட்டுச் சுட்டு, நீதிபதி முன் நிற்கிறான். தன்னைவிடப் பெரிய ஆளிடம் பணிவாக விளக்கம் கொடுக்கும் தொனி பல பாட்டுகளில். யாருக்கும் பரிந்து பேசுவதுமில்லை, யார்மீதும் தீர்ப்பு எழுதுவதுமில்லை. பாட்டெழுதுபவர்களில் இந்த அடக்கம் வாய்த்தவர்கள் குறைவு.

இத்தனைக்கும் 1975இல் வெளிவந்த ‘பார்ன் டு ரன்’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு ஒன்றுக்கே ஆறு மாதம் செலவழித்த ஆள் இவர். கிதாருக்குமேல் கிதார், மணியோசை, கிளாரன்ஸ் கிளெமன்ஸின் சாக்ஸஃபோன் என்று ஒலியை அடுக்கிக்கொண்டே போனவர். அதையும் ரசிக்கிறேன், ‘ஜங்கிள்லாண்ட்’ பாட்டின் சாக்ஸஃபோன் பகுதிக்காக மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம்.

வேடிக்கை என்னவென்றால், ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’வின் முதல் வடிவமும் அதே வீட்டுப் பதிவில்தான் இருக்கிறது. வியட்நாமிலிருந்து திரும்பி, வேலை கிடைக்காமல் அலைபவனின் கதை. 1998இல் ‘டிராக்ஸ்’ தொகுப்பில் அது வெளிவந்தபோது கேட்டவர்களுக்கு, அது புலம்பல் என்பதில் சந்தேகமே வந்திருக்காது. 1984 ஆல்பத்திலோ மேக்ஸ் வைன்பெர்க்கின் டிரம் அதிர, சின்தசைசர் முழங்க, பல்லவி வெற்றிக் கோஷமாகிவிட்டது. அந்த ஆண்டுத் தேர்தல் பிரசாரத்தில் அதிபர் ரீகன்கூட நியூ ஜெர்சிக்கு வந்து ஸ்பிரிங்ஸ்டீனின் பாட்டுகள் தரும் நம்பிக்கையைப் புகழ்ந்து பேசினார். சரணத்தைக் கேட்காத கூட்டத்தைத் திட்டுவது எளிது. பாதிப் பொறுப்பு அந்த டிரம்முக்கும் உண்டு என்பேன். ஆனாலும் சரணமும் பல்லவியும் முட்டிக்கொள்ளும் அந்த வடிவத்தைத்தான் நான் அதிகம் கேட்கிறேன்.

2019 நவம்பருக்கு வந்துவிடுவோம். எழுபது வயதில், வீட்டு ஸ்டுடியோவில், குழுவோடு சேர்ந்து வாசித்து ‘லெட்டர் டு யூ’ ஆல்பத்தைச் சில நாட்களில் பதிவு செய்தார். கிளெமன்ஸும் ஆர்கன் வாசித்த டேனி ஃபெடரிசியும் அப்போது உயிரோடு இல்லை. ஆல்பத்தில் மூன்று பாட்டுகள் 1970களின் தொடக்கத்தில் எழுதியவை. மூச்சுவிட இடமில்லாமல் சொற்களைத் திணித்த இளைஞனின் வரிகளைக் கரகரத்த கிழக் குரலில் நிதானமாகப் பாடுகிறார். அந்த வரிகளுக்கு இந்தக் குரல்தான் பொருந்துகிறது.