நூற்றுக்கு அதிபதி: ஒரு பதவிப் பெயரின் பொருள்

நமது பழைய திருப்புதல் வேதாகமத்தில் வழங்கும் ‘நூற்றுக்கு அதிபதி’ என்னும் தொடர், பிரசங்க பீடத்தில் நாம் ஆராயாமலே எடுத்தாளும் தொடர்களுள் ஒன்று. இதன் தோற்றத்தையும் தகுதியையும் ஈண்டுச் சற்றே நோக்குவோம்.

மத்தேயுவும் லூக்காவும் வழங்கும் கிரேக்கச் சொல் ‘எக்கடோன்டார்க்கேஸ்’ என்பது. சில இடங்களில் அது ‘எக்கடோன்டார்க்கோஸ்’ என்றும் வரும். ‘நூறு’, ‘ஆளுதல்’ என்னும் இரு கூறுகளால் அமைந்த சொல் இது. ஆகவே தமிழ்த் தொடர் சொல்லுக்குச் சொல் சரியானதே. யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் இச்சொல்லே நிற்பதால், மோசே ஏற்படுத்திய நூறுபேருக்கு அதிபதிகளின் நினைவு தமிழிலும் எதிரொலிக்கிறது. இது மொழிபெயர்ப்பாளர்க்குப் பெருமை சேர்ப்பதாம்.

ஆயினும் இரு குறைகள் உள. முதலாவது, ‘அதிபதி’ என்னும் வடசொல் தமிழ்ச் செவிக்கு ஆளுநனை, ஏன், அரசனையே உணர்த்துகிறது. உரோமச் சேனையில் இவனோ இடைநிலை அலுவலன். பேரரசுக் காலத்தில் அவன்கீழ் இருந்தோர் ஏறத்தாழ 80 பேரே. ‘நூறு’ என்பது பெயரளவில் எஞ்சியது. சாதாரணப் போர்ச்சேவகராய்ச் சேர்ந்து இப்பதவிக்கு உயர்ந்தோர் பலர். திராட்சைக் கொடியின் தடியே அவனது பதவிச் சின்னம். அதனால் சேவகரை அடிப்பதும் அவன் வேலை. அவனுக்கு மேற்பட்ட ‘கிலியார்க்கோஸ்’ என்பவனைச் சொல்லளவில் ‘ஆயிரவர் தலைவன்’ எனலாம். அவனை அப்போஸ்தலர் 21இல் நம் வேதாகமம் ‘சேனாபதி’ என்றே உயர்த்திவிட்டது.

இதனால் விளையும் கேடு யாது? மத்தேயு 8:9ஐ விளக்குங்கால், பெருமான் ஒருவன் தன்னைத் தாழ்த்திக்கொண்டதாகவே பலரும் பிரசங்கிக்கின்றனர். அவனது வாதமோ வேறு. தான் அதிகாரத்துக்கு உட்பட்டவன் என்பதையே அவன் முதலிற் கூறுகிறான். தன் சொல் பலிப்பது தன் மேன்மையால் அன்று, தனக்குப் பின்னே நிற்கும் அதிகாரத்தால் என்பதை அறிந்தவன் அவன். அந்த அறிவைக் கொண்டே இயேசுவின் வார்த்தைக்குப் பின்னே நிற்பவர் யார் என்பதைக் கண்டுகொள்கிறான். ‘அதிபதி’ என்னும் சொல் இவ்விசுவாசத்தின் வழியையே மறைத்துவிடுகிறது.

இரண்டாவது, மாற்கு 15ஆம் அதிகாரத்தில் (39, 44, 45) கிரேக்கச் சொல்லை விடுத்து, ‘கெந்துரியோன்’ என இலத்தீன் சொல்லையே எழுதுகிறார். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இச்சொல் இல்லை. ‘லேகியோன்’ என்பதை ஒலிபெயர்த்த நம் வேதாகமம் இதனை ஒலிபெயர்க்காமையால் இவ்வேறுபாடு மறைந்தது. சிலுவையண்டை அறிக்கை செய்தவன், கொலைத்தண்டனையை நிறைவேற்றிய அந்நிய அரசின் பெயரையே தன் பதவிப் பெயராகத் தாங்கியவன் என்பது தமிழ் வாசகர்க்குப் புலப்படுவதில்லை.

1995இல் வெளிவந்த திருவிவிலியத்தின் ‘நூற்றுவர் தலைவர்’ முதற்குறையைப் பெரிதும் நீக்குகிறது. இரண்டாவது குறை அங்கும் நிற்கிறது. அதனை நிரப்புவது போதகரின் கடமை. வாசிப்புக்குப் பழைய தொடரையே கொள்ளினும், விளக்குங்கால் அம்மனிதனை அவன் நின்ற படியிலேயே நிறுத்துவோமாக. உயர்த்திவைத்தால் அவன் விசுவாசம் சிறுத்துப்போகும்.